சயாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

மலேசியாவில் தமிழில் கதை எழுதத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு இந்த மடல். உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் சயாமுக்குப் போன ஒருவர் இருந்திருப்பார். தாத்தாவோ, தாத்தாவின் அண்ணனோ, பாட்டியின் முதல் கணவரோ, யாரோ ஒருவர். "ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போனான், திரும்பி வரல" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்ற அந்த இடத்திலிருந்து நீங்கள் நாவலைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

உங்கள் எழுத்தை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒரு மனக்குறையைச் சொல்கிறேன். அடுக்குமாடி வீடுகளையும், குண்டர் கும்பல்களையும், தோட்டம் விற்கப்பட்டபின் பட்டணத்துக்கு வந்து தடுமாறியவர்களையும் கூர்மையாக எழுதுகிறீர்கள். போர்க்காலம் என்று வந்தால் மட்டும் கை தயங்குகிறது. எழுதினாலும் துப்பாக்கி ஏந்திய வீரனின் கதையாகிறது. இல்லையென்றால் காட்டில் கூட்டம் கூட்டமாகச் செத்தவர்களின் கதையாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமுதாயமே மூன்றரை வருடம் கிழங்கு தேடி, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, ஆசை வைத்து, உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர்களைத்தான் உங்கள் பக்கங்களில் தேடுகிறேன்.

சயாமுக்குப் பிடித்துப் போனவர்களை வைத்து ஜப்பான்காரன் போட்ட அந்த ரயில்பாதையைப் பற்றி உலகம் கதை சொல்லாமல் இல்லை. சயாம் என்று நம் பெரியவர்கள் சொன்ன தாய்லாந்தின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் தண்டவாளங்களை இணைத்துவிட்டார்கள். 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருபதாயிரம் பேர் நிற்கிறார்கள். இருந்தார்களா, இறந்தார்களா என்றே தெரியாத இருபதாயிரம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் அந்தத் தொகைக்குள்தான் எங்கோ இருக்கிறார்கள்.

கைதிகளிடம் காகிதம் இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப் முகாமில் ஒளித்து ஒளித்து எழுதிய நாட்குறிப்பு 1986இல் புத்தகமாக வந்தது. ரொனால்ட் சர்ல் என்ற ஆங்கிலேயக் கைதி தான் வரைந்த படங்களை, காலரா கண்டு சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். காவலர்கள் அந்தப் படுக்கைப் பக்கம் வரப் பயந்தார்கள். போர் முடிந்ததும் கைதிகளின் புதைகுழிகளைத் தேடி, காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசயாட்டிலும் ஒழுங்கான கல்லறைத் தோட்டங்களை அமைத்தார்கள். அங்கே போய் நின்று பாருங்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசையாகப் பெயர்ப்பலகைகள் இருக்கும். உங்கள் தாத்தாவின் பெயரை அந்த வரிசையில் தேடாதீர்கள்.

நம்மவர்களிடம் காகிதமும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. ஆவணம் வைத்து வரலாறு எழுதுகிறவர் இந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நிற்கும் இடத்துக்கு அப்பால் போக அனுமதி பெற்ற ஒரே ஆள் கதை எழுதுகிறவர். அதனால்தான் வரலாற்றுத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இடம் காலியாக இருந்தால் வேறு யாராவது வந்து அதை நிரப்பிவிடுவார்கள். 1957இல் டேவிட் லீன் எடுத்த குவாய் நதிப் பாலப் படம் ஏழு ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. இலங்கையின் கித்துல்கலையில் எடுத்த படம். உலகத்துக்கு அந்த ரயில்பாதை என்றால் இன்றும் அந்தப் படம்தான். அதில் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். தோட்டத்துச் சனம் அதில் கிடையாது. படம் எடுத்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் தங்களவர்களின் கதையைச் சொன்னார்கள். நம் கதையை நாம் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவே இல்லை என்று சொன்னால் அது பெரிய அநியாயம். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். கோ. புண்ணியவான் 'கையறு' எழுதினார். இவர்கள் எழுதியிருக்காவிட்டால் தமிழ் நாவலில் அந்த ரயில் சடக்குக்கு அதிகத் தடயம் இருந்திருக்காது. உங்களில் யாராவது இந்த மூன்றையும் படிக்காமல் போர்க்கதை எழுத உட்கார்ந்தால், முதலில் பேனாவை மூடிவிட்டுப் படியுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மேடானில் போர்க்காலத்தைக் கண்டு வந்த ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மூத்தவர்கள் காடு வெட்டி வழி போட்டிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் போகாத பக்கம் ஒன்று மீதமிருக்கிறது. நாவல் ரயிலேறி சயாமுக்குப் போகும்போது, லயத்து வாசலில் நின்றவளைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அவளோடு தங்கி எழுதுகிற ஒருவர் வேண்டும்.

ஆண்கள் போன மறுநாள் காலையை எண்ணிப் பாருங்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட ஆளில்லை. பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. வெள்ளைக்காரத் துரைமார் போய் வெகுநாள் ஆகிவிட்டது. பர்மா அரிசி வருவது நின்று, மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைக்கும் சாப்பாடு. கிழங்கு என்றால் பிடுங்கி அவித்துத் தின்றுவிடுவது என்று நினைக்காதீர்கள். கசப்புக் கிழங்கில் விஷம் உண்டு. தோலை உரித்து, துருவி, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, துணியில் இறுக்கிப் பிழிந்து, காயவைத்து மாவாக்க வேண்டும். அவசரப்பட்டால் பிள்ளை வாந்தியெடுத்துச் சாகும். பசியில் அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "இன்னும் ஊறட்டும்" என்று காத்திருக்கும் ஒரு தாயை எழுதுங்கள். பிழிவதற்குத் துணி வேண்டுமே, அந்தத் துணி எது? உடுத்தவே துணியில்லாமல் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்திய காலம் அது. இதற்கெல்லாம் ஒரு பக்கம் போதாது, ஓர் அத்தியாயம் கொடுங்கள். என்னைக் கேட்டால் தைரியம் என்பது இதுதான்.

முகாமுக்குள் போனாலும் தைரியத்தை அதே அளவில் தேடுங்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பாதை நெடுக இறங்கியது. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். கொதித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது, சாப்பாட்டுத் தகரத்தைக் கொதிநீரில் முக்கிய பிறகுதான் கஞ்சி என்று சட்டமாகவே வைத்திருந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர் இருந்த முகாம்களில் அப்படிச் சொல்ல அதிகாரமுள்ள ஆள் பெரும்பாலும் இல்லை. அந்த ஆண்டு ஜூனுக்கு மேல்தான் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து 'கே', 'எல்' என்று இரண்டு மருத்துவக் குழுக்களை அங்கே அனுப்பினார்கள். அதற்குள் எத்தனையோ குடிசைகள் காலியாகிவிட்டன. இப்போது உங்கள் கதாபாத்திரத்தை அங்கே வையுங்கள். படிக்காதவர், பதவி இல்லாதவர். நாள் முழுக்க மண் சுமந்து வந்து, மழையில் நனைந்த மூங்கிலை ஊதி ஊதி எரியவைத்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் காய்ச்சுகிறார். பக்கத்தில் படுத்திருப்பவன் தாகம் தாங்காமல் ஆற்றுக்குத் தவழ்கிறான். இவர் காலைப் பிடித்து இழுக்கிறார். அவன் இவரை அடிக்கிறான், கெட்ட வார்த்தையில் ஏசுகிறான். இவர் விடவில்லை. அங்கே துப்பாக்கிச் சத்தம் கிடையாது, யாரும் கைதட்டவும் மாட்டார்கள். ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை மறுநாள் வரை உயிரோடு வைத்திருந்தான்.

அடுத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வலிக்கிறது. ஆள் பிடித்த கதையில் ஜப்பான்காரன் மட்டும் இல்லை. மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி என்று ஆசைகாட்டி முதலில் ஆள் சேர்த்தார்கள். வருகிறவர்கள் குறைந்ததும் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். இன்ன தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் என்று கணக்கு வந்தபோது, உட்கார்ந்து பெயர் எழுதியது நம் கிராணி, ஆளைக் காட்டியது நம் கங்காணி. அவர்களும் பயந்தவர்கள்தான். எழுதாவிட்டால் முதல் பெயர் அவர்களுடையதாக இருக்கும். தன் தம்பி பெயரைத் தள்ளிவிட்டு, அப்பா அம்மா இல்லாத ஒரு பையனின் பெயரை எழுதிய கிராணியை உங்களால் எழுத முடியுமா? அவர் மகள் பின்னாளில் அந்தப் பையனுக்கு நிச்சயித்தவளோடு ஒரே நிரையில் பால் வெட்டுவதை எழுத முடியுமா? எதிரி வெளியே இருந்தால் நாவல் சுலபம். நம் வீட்டுத் திண்ணையிலேயே பட்டியல் எழுதப்பட்டது என்பதை எழுதும்போதுதான் உங்கள் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

குற்றம் செய்தவனுக்குள்ளும் புகுந்து எழுதுவதை ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளானகன் செய்து காட்டியிருக்கிறார். அவருடைய அப்பா அந்த ரயில்பாதையில் கைதியாக வேலை செய்தவர். மகன் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நாவலோடு போராடினார். எழுதி முடித்த வடிவங்களையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எழுதினார். ஜப்பானுக்குப் போய் அந்நாளைய காவலர்களை நேரில் பார்த்தார். 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்' 2014இல் புக்கர் பரிசு பெற்றது. அதில் ஒரு கொரியக் காவலனுக்கும் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். அவன் ஏன் அடித்தான், அடித்த கை பிறகு என்ன ஆயிற்று என்பது வரை போகிறார். அந்த நாவலின் நடுவில் இருப்பது ஒரு காதல். முகாமின் சேற்றில் நிற்கும் மருத்துவர் ஊரில் விட்டுவந்த பெண்ணை நினைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் தன் மாமாவின் மனைவியை. துன்பத்தைச் சொல்லும்போது காதலைச் சொன்னால் துன்பம் லேசாகிவிடும் என்று நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் உண்டு. அந்த நாவலைப் படித்தால் கூச்சம் போய்விடும். போன ஆளுக்கு வீட்டில் ஒருத்தி இருந்தாள் என்று தெரியும்போதுதான் அவன் சாவு நம்மைத் தைக்கிறது.

நம் பக்கத்துக் காதலுக்கோ இன்னும் பெரிய சிக்கல் இருந்தது. செத்த சேதி வரவில்லை. வெள்ளைக்காரன் மனைவிக்குத் தந்தி போயிற்று. லயத்துப் பெண்ணுக்கு யார் தந்தி கொடுப்பார்கள்? சேதி வராத வரை தாலியைக் கழற்றலாமா? பொட்டு வைக்கலாமா? பூ வைத்தால் ஊர் ஒன்று சொல்லும், வைக்காவிட்டால் மாமியார் "என் மகன் இருக்கான்டி" என்று அடிப்பாள். பிள்ளைகளோடு தனியாக எத்தனை நாள்? யாரோ ஒருவர் ஒரு குலை வாழைக்காயோடு வந்து வாசலில் நிற்கிறார். நல்லவர். அவள் என்ன செய்ய வேண்டும்? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு, எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு ஒருவன் தோட்டத்துக்குள் நடந்து வருகிறான். அவன் வீட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். இப்படி நடந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூன்று பேரும் நல்லவர்களாக இருக்கும் ஒரு கதையில் யார் எழுந்து போவது? இதைவிடப் பெரிய கதைக்கரு உலக இலக்கியத்தில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அதை மூடி வைத்துக்கொண்டு கதை கிடைக்கவில்லை என்கிறீர்கள்.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்கிறேன். என் தாத்தாவுக்குத் திதி கிடையாது. செத்த நாள் தெரிந்தால்தானே திதி? பாட்டி மகாளய அமாவாசை அன்று இலை போடுவார். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. படைத்துவிட்டு, கும்பிடுவதற்கு முன் வாசல் வரை போய்த் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். அவர் காட்டிலிருந்து வந்துவிட்டால், உயிரோடு இருப்பவருக்குப் படைத்த பாவம் சேருமே என்று அந்தப் பயம். சாகும் வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்படி ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பழக்கங்கள் இருந்திருக்கும். எந்த ஆவணக் காப்பகத்திலும் அவை இல்லை.

இன்னொரு முடிச்சையும் உங்கள் முன் வைக்கிறேன். அந்தச் சடக்கு இணைந்தது 1943 அக்டோபர் 17 என்றேன். நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அவர் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். ஒரே லயத்திலிருந்து போன அண்ணன் ஜப்பான்காரனின் சடக்கில் மண் சுமக்க, தங்கை ஜப்பான் துணை நிற்கும் படையில் அணிவகுத்திருக்கிறாள். அந்தத் தங்கை துரோகியா? அண்ணனின் வேதனை அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் போனாளா? கங்காணிக்குத் தலைகுனிந்தே நின்ற பெண்ணுக்கு, சீருடை போட்டு நிமிர்ந்து நிற்கிற ஒரு காலை என்னவாக இருந்திருக்கும்? இதில் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், அவளையும் அவனையும் ஒரே குடும்பமாக நேசிக்கிற நாவலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். நாங்கள் பார்க்காத காலத்தை எப்படி எழுதுவது என்பீர்கள். ஃபிளானகனும் பார்க்கவில்லை. நம் நாட்டவரான வனெஸ்ஸா சான் ஜப்பானியர் கால மலாயாவை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2024இல் வெளிவந்தது, உலகம் அதைப் படித்தது. அவரும் போருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தவர்தான். அடுத்தவர் துன்பத்தை எழுத எங்களுக்கு என்ன உரிமை என்பீர்கள். அடுத்தவர் யார்? அது உங்கள் இரத்தம். பெரியவர்கள் பேச மறுக்கிறார்கள் என்பீர்கள். இந்த மறுப்பை மட்டும் மதிக்கிறேன். அவர்கள் மௌனத்துக்குக் காரணம் உண்டு. வெட்கம் இருக்கிறது, குற்ற உணர்வு இருக்கிறது, இரண்டாம் கணவரின் பிள்ளைகள் முன்னால் முதல் கணவரைப் பேசக் கூடாது என்ற நாகரிகம் இருக்கிறது. கதவை உடைக்காதீர்கள். பெயரை மாற்றுங்கள், தோட்டத்தை மாற்றுங்கள். புனைகதை என்ற ஏற்பாடே அதற்காக வந்ததுதான். யாரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லாவற்றையும் சொல்லலாம்.

ஆனால் காலம் இல்லை. ஜப்பான்காரன் வந்தபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது. தோட்டங்களே பல இடங்களில் இல்லை. செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டன. லயம் இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆள் இல்லாமல் போகும்.

ஆகவே வரும் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறபோது, குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ மூத்தவர் யார் என்று பாருங்கள். போய் உட்காருங்கள். எடுத்தவுடன் சயாமைப் பற்றிக் கேட்காதீர்கள். "அப்போ என்ன சமைப்பீங்க பாட்டி? எந்தச் சட்டியில? உப்பு எங்க கிடைச்சது? புள்ளைக்கு எதுல தொட்டில் கட்டுனீங்க?" என்று கேளுங்கள். அடுப்பிலிருந்து ஆரம்பித்தால் அவரே ஒருநாள் ரயிலடிக்கு வருவார். வராவிட்டாலும் உங்கள் நாவலுக்கு அந்த அடுப்பு போதும்.

பிறகு எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், அவர்கள் பேசிய, நொந்த, கொஞ்சிய மொழி அது. வீரர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டில் இருந்தவர்களை எழுதுங்கள். கிராணியையும் எழுதுங்கள், வாழைக்காயோடு வந்தவரையும் எழுதுங்கள். முந்நூறு பக்கம் வராவிட்டால் அறுபது பக்கம் எழுதுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் பரிசுப் போட்டிக்கு அனுப்பும் முன், கதை சொன்ன அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் "அப்படி இல்லப்பா" என்று சொல்லும் இடங்களையெல்லாம் திருத்தி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைப் படிக்கக் காத்திருக்கும் ஒரு வாசகன்